உழவருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கை வேளாண் விளைபொருள்களை விற்கும் மளிகை அங்காடிகளில் பணம் போடுவது குறித்துத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சமூகப் பொறுப்புள்ள முதலீடு என்ற பேச்சு பங்குச் சந்தையோடு நின்றுவிடாமல் தெருமுனைக் கடை வரை வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அத்தகைய கடையை எடைபோட அக்கட்டுரை எடுத்துக்கொண்ட அடையாளங்களான அங்ககச் சான்று (இயற்கை முறையில் விளைந்தது என்பதற்கான சான்று), துணிப்பை, மரச்செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி ஆகிய யாவும் கடையின் முன்பக்கத்தில் நின்றாலே கண்ணில் படுபவை. கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் புத்தகங்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இப்படிப்பட்ட ஒரு கடையில் பணம் போட்டு மனம் நொந்தவன் என்ற முறையிலும், கடையின் பின்பக்கத்தில் பார்க்க வேண்டியது என்ன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

2017 ஆம் ஆண்டில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து, எங்கள் ஊரில் புதிதாகத் திறந்த ஓர் இயற்கை அங்காடிக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தோம். கரூர் மாவட்டம் கடவூரை அடுத்த வானகம் பண்ணைக்குச் சென்று, 2013 இல் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அவர்களின் பேச்சை நேரில் கேட்டவர்கள் நாங்கள். வங்கியில் தூங்கும் பணம் நல்ல காரியத்துக்குப் பயன்படட்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. கடை நடத்தியவரும் நல்ல மனிதர்தான். ஆண்டுக்கு 12 சதவீதம் தருவதாகச் சொன்னார்; சொன்னபடியே ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி ஆளுக்கு ஆயிரம் ரூபாய் தவறாமல் வந்தது.

ஓராண்டு கழிந்திருக்கும். ஒரு மாலை நேரத்தில் கடையின் பின்புறம் சென்றபோது, கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடையின் மேல், மடியில் துண்டை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயம் கொண்டுவந்து கொடுத்தவர். கையில் நான்காக மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட சீட்டு. அதில் 240 கிலோ என்று எழுதி, பிறகு எடைக் குறைவு, அழுகல் என்று 22 கிலோவைக் கழித்திருந்தார்கள். பணத்துக்காக அவர் பேருந்து ஏறி வந்தது அது மூன்றாவது முறை. கல்லாவில் இருந்த பையன் உள்ளே இருந்தபடியே, "வர்ற வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்ணே" என்று சொல்ல, அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மருந்தடிக்காம வெளைய வச்சதுக்குக் கிலோவுக்கு அஞ்சு ரூபா கூடத்தான் போடுறாங்க சார். ஆனா மண்டியில எறக்கியிருந்தா அன்னிக்கே காசு கையில இருந்திருக்கும். இல்லேன்னா வெங்காயத்தப் பட்டறை போட்டுச் சேத்தாவது வச்சிருக்கலாம்."

தணிக்கைக்காரனுக்கு உள்ள பழக்கத்தில், கடைக்காரரிடம் கொள்முதல் நோட்டைக் கேட்டேன். அவரும் தயங்காமல் கொடுத்தார். ஆறு மாதக் கணக்கை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். சரக்கு இறங்கிய நாளுக்கும் பணம் கொடுத்த நாளுக்கும் இடையே சராசரியாக 74 நாள்கள் ஓடியிருந்தன. எங்கள் நால்வருக்கும் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது அந்தப் பெரம்பலூர்க்காரருக்கு வந்திருக்க வேண்டிய பணம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அடுத்த ஆண்டே கடை மூடப்பட்டது. நாங்கள் போட்ட பணத்தில் பாதி திரும்பவில்லை. அது எங்களுக்குத் தாங்கக்கூடிய இழப்பு. வெங்காயமும் நெல்லும் கொடுத்தவர்களில் சிலருக்கு வர வேண்டியது கடைசி வரை வரவே இல்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று முதல், இத்தகைய கடையைப் பற்றி என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: உழவருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்று முதலில் கேளுங்கள், அதற்கு வரும் விடை சரியாக இருந்தால் மட்டும் மற்றவற்றைக் கேளுங்கள். சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் 45 நாள்களுக்குள் பணம் தந்துவிட வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்குக்குக் கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கப் பதிவுச் சான்று வேண்டும். கூடையைத் தலையில் சுமந்து வருபவரிடம் அது இருப்பதில்லை. பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச் சந்தையை முறைப்படுத்தும் செபி அமைப்பு கட்டாயமாக்கியிருக்கிறது. பத்துக்கு இருபது அடிக் கடையில் அப்படி எந்த அறிக்கையும் கிடைக்காது. ஆகவே பணம் போடுபவரே கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

கேட்பது கடினமும் அல்ல. புரிவதற்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். இது எந்தக் கடையின் கணக்கும் அன்று, எண்கள் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு கடை ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு வாங்கி 80 லட்சத்துக்கு விற்கிறது என்போம். ஆண்டு முடிவில் அதன் இருப்புநிலைக் குறிப்பில் கடனீந்தோர், அதாவது சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள், என்ற தலைப்பில் 10 லட்சம் இருந்தால், 10 ஐ 60 ஆல் வகுத்து 365 ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 61 நாள் வரும். சரக்குக் கொடுத்தவர்கள் சராசரியாக இரண்டு மாதம் காத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தக் காத்திருப்பை 16 நாளாகக் குறைக்க அந்தக் கடைக்குத் தேவைப்படும் கூடுதல் முதல் ஏறக்குறைய 7.4 லட்சம் ரூபாய்தான். அதே கடை 25 லட்சம் கேட்கிறது, அதில் பெரும்பகுதி இரண்டாவது கிளைக்கும் குளிரூட்டிய அலமாரிக்கும் போகப்போகிறது என்றால், நீங்கள் போடும் பணம் உழவரின் வரிசையை ஒரு நாள்கூடச் சுருக்காது. இரண்டாவது கிளைக்குச் சரக்குத் தருபவர்கள் என்று இன்னொரு வரிசை கூடும்.

கடை தனியார் நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் அதன் ஆண்டுக் கணக்கை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. கொடுக்க வேண்டிய பாக்கிகளின் வயதைக் காட்டும் அட்டவணை அந்தக் கணக்கில் இருந்தாலும், அதன் முதல் கட்டமே ஓராண்டுக்குக் கீழ் என்பதாக இருப்பதால், பத்து நாள் பாக்கியும் பத்து மாதப் பாக்கியும் அங்கே ஒன்றாகத்தான் தெரியும். கொள்முதல் நோட்டைப் பார்க்காமல் முடியாது. நோட்டைக் காட்ட மறுப்பவரிடம் பணம் போட வேண்டாம்.

இதே கணக்கை வைத்தே வருவாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 80 லட்சத்தில் சரக்கு விலை 60 லட்சம் போக மீதி 20 லட்சம். கடைக்காரரையும் சேர்த்து ஐந்து பேருக்கு மாதம் பன்னிரண்டாயிரம் என்றால் 7.2 லட்சம், வாடகை மாதம் முப்பதாயிரம் என்றால் 3.6 லட்சம், மின்சாரம், வண்டி வாடகை, பொதி, அழுகிப்போனது, வண்டு விழுந்தது எல்லாம் சேர்ந்து ஐந்தாறு லட்சம் ஆகும். நான்கு லட்சம் மிஞ்சினால் நன்றாக நடக்கும் கடை. இந்தக் கடை 25 லட்சத்துக்கு மாதம் இரண்டு சதவீதம் தருவதாகச் சொன்னால் ஆண்டுக்கு 6 லட்சம் வேண்டும். கடையிலேயே இல்லாத அந்தப் பணம் மூன்று இடங்களிலிருந்துதான் வர முடியும்: உழவரின் விலையிலிருந்து, வேலை செய்பவரின் கூலியிலிருந்து, அல்லது அடுத்துப் பணம் போட வருபவரின் சட்டைப்பையிலிருந்து. மூன்றாவது வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கொங்கு நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2012 இல் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தபோது, நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் பணம் கட்டியிருந்தவர்கள் பணம் போட்டவர்களின் நலன் காக்கும் டான்பிட் என்ற மாநிலச் சட்டத்தின்கீழ் இயங்கும் கோவை நீதிமன்றத்தின் வாசலில் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். பறவையும் பண்ணையும் கண்ணெதிரே இருந்ததால்தான் அவர்கள் நம்பினார்கள். பசுமையான பெயர்ப் பலகையும் அதே நம்பிக்கையைத் தரும்.

ஆகவே பணம் எந்த வழியில் கடைக்குள் போகிறது என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். வட்டி பேசி ஊராரிடம் பணம் திரட்டுவது 1997 ஆம் ஆண்டின் டான்பிட் சட்டத்துக்கும், முறைப்படுத்தப்படாத வைப்புநிதித் திட்டங்களைத் தடைசெய்யும் 2019 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கும் முன்னால் நிற்கக்கூடிய செயலா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள், நாங்கள் கேட்கவில்லை. தனியார் நிறுவனம் பங்கு தருவதாக இருந்தால், பொதுமக்களுக்கு அறிவிக்காமல் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு தரும் தனிப்பட்ட ஒதுக்கீட்டு முறையில் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைப்பு விடுக்க முடியாது. முகநூலில் விளம்பரம் செய்து பங்கு விற்பவர் அந்த விதியை அறியாதவர், அல்லது மதிக்காதவர். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் நிலைமையே வேறு. அதில் உற்பத்தி செய்பவர்கள் மட்டுமே பங்கு வைத்திருக்கலாம். நகரத்தில் இருக்கும் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் பங்குதாரர் ஆக முடியாது. 2020 பிப்ரவரியில் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தின்கீழ் உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை மத்திய அரசு பங்கு மானியம் தருகிறது. நல்ல ஏற்பாடு, ஆயினும் ஓராண்டுக்கான நெல்லை அறுவடைக் காலத்தில் வாங்கிப் போட அது போதாது.

ஓராண்டுக்கான நெல் என்றேன். இயற்கை அங்காடிக்கு வெளிப்பணம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் அதுதான் என்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை, மாசியோடு முடிந்துவிடுகிறது. தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும் அந்த ஓரிரு மாதங்களில்தான் களத்துக்கு வரும். வாங்கிச் சாப்பிடுபவரோ மாதத்துக்கு ஐந்து கிலோ, பத்து கிலோ என்றுதான் வாங்குவார். இடைப்பட்ட பன்னிரண்டு மாதம் அந்த நெல்லை யாராவது தம் பணத்தில் சுமக்க வேண்டும். வழக்கமான வணிகத்தில் அரிசி ஆலைக்காரர் வங்கிக் கடன் வாங்கிச் சுமக்கிறார். இங்கே கடையிடம் முதல் இல்லாவிட்டால் உழவர்தான் சுமக்கிறார். மகள் படிப்புக்கும் அடுத்த உழவுக்கும் கடன் வாங்கிக்கொண்டு, வீட்டுத் திண்ணையில் மூட்டையை அடுக்கிவைத்துவிட்டுக் கடையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கிறார். அதிலும் புகைமருந்து போடாத நெல் இது. அரிசியாக்கி வைத்தால் சில வாரங்களில் வண்டு வரும். ஆகவே நெல்லாகவே வைத்து, நொச்சியும் வேப்பிலையும் இடையிட்டு, மாதாமாதம் தேவைக்கு மட்டும் அரைக்க வேண்டும். 100 கிலோ நெல்லை அரைத்தால் 60 முதல் 65 கிலோ அரிசி வரும். தை மாதத்தில் ரொக்கம் கொடுத்து நெல்லை இறக்கிக்கொள்ளும் கடைக்கு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்தத் திண்ணையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவிடுகிறது. சமூகப் பொறுப்புள்ள முதலீடு என்று நான் நம்புவது இதைத்தான்.

இதற்குக் கிடைக்கும் வட்டி குறைவாகத்தான் இருக்கும், குறைவாகத்தான் இருக்கவும் வேண்டும். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கை அன்று. 1844 டிசம்பர் 21 இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு, வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி என்று சில பொருள்களோடு ஒரு மளிகைக் கடையைத் திறந்தபோதே, முதலுக்கு வரம்புக்குட்பட்ட வட்டி, மீதி லாபம் வாங்குபவர்களுக்கு அவரவர் வாங்கிய அளவில் என்று விதி செய்துகொண்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் 1904 இல் சென்னையில் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். என் பணிக்காலம் முழுவதும் இந்த மரபின் கணக்குகளைத்தான் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் உண்டு: நுகர்வோர் கூட்டுறவு, வாங்குபவருக்குக் கலப்படமில்லாத பொருள் நியாய விலையில் கிடைப்பதை மட்டுமே நினைத்தது, விளைவித்தவரை நினைக்கவில்லை. உழவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்க 1999 நவம்பர் 14 இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை அந்தக் குறையைக் காய்கறிக்கு ஓரளவு தீர்த்தது. அங்கே கூடை காலியாகும்போதே காசு கைக்கு வந்துவிடுகிறது. ஓராண்டு வைத்திருந்து விற்க வேண்டிய நெல்லுக்கும் பருப்புக்கும் அந்த ஏற்பாடு பொருந்தாது.

மற்ற அடையாளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சான்றிதழ் வேண்டும், மூன்றாம் தரப்பு ஆய்வாளர் தரும் சான்றாக இருந்தாலும், ஒரு குழுவின் உழவர்கள் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சொல்லும் பங்கேற்புச் சான்றாக இருந்தாலும் சரி. ஆனால் அது நிலத்துக்குத் தரப்படும் சான்று. கடைக்காரர் உழவரை நடத்தும் விதம் அதில் வராது. துணிப்பையும் நல்லதே, 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழக அரசே தடை விதித்திருக்கும் நிலையில், அதைத் தனிச் சிறப்பாகச் சொல்லிக்கொள்ள இடமில்லை. வேலை செய்யும் பெண்கள் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவது தமிழ்நாட்டில் சட்டக் கட்டாயம். பத்து மணி நேரம் நின்றபடியே சிறுதானியம் எடைபோடும் பெண்ணைப் பார்த்த பிறகு அந்தக் கடையின் அறம் பற்றிப் பேச எனக்கு நா எழாது.

கழிவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2022 இல் உலகம் முழுதும் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் ஏறத்தாழ 13 கோடி டன் சில்லறைக் கடைகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆகவே எங்கள் கடையில் கழிவே இல்லை என்று ஒருவர் சொல்லும்போது நமக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. ஆனால் அந்தப் பெரம்பலூர்ச் சீட்டில் கழிக்கப்பட்ட 22 கிலோவை நினைத்துப் பாருங்கள். வாடிய கீரையையும் சுருங்கிய வெங்காயத்தையும் கொடுத்தவர் கணக்கிலேயே கழித்துவிடும் கடையில் கழிவு எப்போதும் சுழியாகத்தான் இருக்கும். கழிவு எவ்வளவு என்று கேட்பதோடு, அது யார் கணக்கில் ஏறுகிறது என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் நால்வரில் மூவர் இப்போது வேறொரு சிறிய கடையோடு தொடர்பில் இருக்கிறோம். தை மாதத்தில் ஆளுக்கு 12,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, கிலோ நூறு ரூபாய் வீதம் மாதம் பத்து கிலோ தூயமல்லி அரிசியை ஆண்டு முழுதும் பெற்றுக்கொள்கிறோம். வட்டி என்று ஒன்றும் இல்லை. ஆண்டின் பிற்பகுதியில் விலை ஏறினால் அந்த ஏற்றம் எங்களைத் தொடாது, அவ்வளவுதான். 365 நாள்களுக்குள் பொருளாகத் தீர்ந்துவிடும் முன்பணத்தை நிறுவனங்களுக்கான வைப்புநிதி விதிகளும் வைப்புநிதியாகக் கருதுவதில்லை. எங்களைப் போல் நாற்பது குடும்பங்கள் முன்பணம் கொடுத்திருக்கின்றன. அந்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நீளமான நோட்டு தொங்குகிறது. உழவர் பெயர், மூட்டை எண்ணிக்கை, நெல் இறங்கிய தேதி, பணம் கொடுத்த தேதி, உழவரின் கையெழுத்து அல்லது கைநாட்டு. யார் வேண்டுமானாலும் புரட்டலாம். போன தையில் நான் புரட்டிய பக்கத்தில் இரண்டு தேதிகளுக்கும் இடையே அதிகபட்ச இடைவெளி ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பொங்கல் விடுமுறையில் வங்கி மூடியிருந்ததால் ஆனது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் வணிகப் பக்கத்தில் இனி ஓர் இயற்கை அங்காடியை வாசகர்களுக்கு அறிமுகம் செய்யும்போது, உழவர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறீர்கள், கெட்டுப்போன சரக்கு யார் கணக்கில் ஏறுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் தங்கள் செய்தியாளர் கேட்டு, விடைகளைக் கடையின் பெயரோடு சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். விடை தர மறுத்தால், மறுத்ததையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.